300 வாட் சைன்வேவ் இன்வெர்ட்டர்: மாஸ்ஃபெட்டையும் கேட் டிரைவரையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

இன்வெர்ட்டரில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்சுதான் மாஸ்ஃபெட். ஐஆர்எஃப் 3205 என்ற மாஸ்ஃபெட்டின் டேட்டாஷீட்டைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே 110 ஆம்பியர் என்று கண்ணில் படும். முதன்முதலாக இன்வெர்ட்டர் கட்டுபவர் அதைப் பார்த்ததும் பூரித்துப்போகிறார். 12 வோல்ட், 110 ஆம்பியர் என்றால் ஆயிரத்து முந்நூறு வாட் ஆயிற்றே, நான்கு வாங்கினால் வீடே ஓடுமே என்று மனக்கணக்குப் போடுகிறார். மாலைக்குள் நான்கும் கருகிவிடுகின்றன.

அந்த 110 பொய்யான எண் அல்ல. மாஸ்ஃபெட்டின் உறை 25 டிகிரியிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, சிலிக்கன் தாங்கும் அளவு அது. அதே தாளின் அடிக்குறிப்பு, உறையின் கால்கள் 75 ஆம்பியருக்கு மேல் தாங்காது என்கிறது. சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் 25 டிகிரிக்கு எங்கே போவது? ஆகவே முதல் பக்கத்தை மறந்துவிட்டு, நம் சுற்றுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கணக்கிடுவோம்.

எதைக் கட்டப் போகிறோம்?

சைன்வேவ் இன்வெர்ட்டருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 12 வோல்ட் பேட்டரியிலேயே நான்கு மூலைகளிலும் மாஸ்ஃபெட் வைத்த எச் பிரிட்ஜ் அமைத்து, சைன் வடிவத்தில் துடிப்பின் அகலத்தை மாற்றி, அதை இரும்புத் தகடு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 230 வோல்ட்டாக உயர்த்துவது. மற்றது, ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மரால் முதலில் 380 வோல்ட் நேர்மின்சாரம் உண்டாக்கி, பிறகு அதை எச் பிரிட்ஜில் வெட்டுவது. இரண்டாவது எடை குறைவு, செலவும் குறைவு. ஆனால் 380 வோல்ட் நேர்மின்சாரத்தில் கை பட்டால் இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. முதல் இன்வெர்ட்டர் இரும்பு டிரான்ஸ்ஃபார்மரோடுதான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கனமாக இருக்கும், அவ்வளவுதான். அது உங்கள் பிழைகளையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

நம் எடுத்துக்காட்டு 12 வோல்ட் பேட்டரி, 300 வாட் வெளியீடு, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இரண்டு மின்விசிறி, நாலைந்து எல்இடி விளக்கு, ஒரு ரவுட்டர் ஆகியவற்றுக்குப் போதும். சைன் அலையை உண்டாக்க இஜி 8010 சிப்போ, அது பொருத்தி வரும் சிறு பலகையோ வைத்துக்கொள்ளலாம். ஆர்டுயினோவில் நிரல் எழுதியும் செய்யலாம். எது ஆனாலும் கீழே வரும் கணக்கு மாறாது.

மின்னோட்டத்தைச் சரியான இடத்தில் கணக்கிடுங்கள்

பெரும்பாலானவர்கள் பேட்டரிப் பக்கத்தில் நின்று கணக்குப் போடுகிறார்கள். 300 வாட், திறன் 80 விழுக்காடு, பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கியபோது 36 ஆம்பியர் என்று விடை வருகிறது. ஃபியூஸும் பேட்டரிக் கம்பியும் தேர்ந்தெடுக்க இந்த எண் சரி. மாஸ்ஃபெட்டுக்குச் சரியல்ல.

மாஸ்ஃபெட் சுமப்பது டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுருளில் ஓடும் மின்னோட்டத்தை. பேட்டரி 10.5 வோல்ட்டில் இருக்கும்போது, அதிலிருந்து கிடைக்கும் சைன் அலையின் உச்சமும் 10.5 வோல்ட்டைத் தாண்டாது. அதன் ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது அதே அளவு சூடு தரும் நேர்மின்சாரத்தின் வோல்ட், 7.4. கம்பியிலும் மாஸ்ஃபெட்டிலும் இழப்பது போக 7 வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருபவரிடம் முதல் சுருள் 7 வோல்ட், இரண்டாம் சுருள் 230 வோல்ட் என்றே சொல்ல வேண்டும். 12 வோல்ட் என்று சொல்லிச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டு, வெளியீடு 230 வோல்ட்டை எட்டவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பலர்.

டிரான்ஸ்ஃபார்மரின் திறன் 90 விழுக்காடு என்றால் 333 வாட் உள்ளே போக வேண்டும். 333ஐ 7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 48 ஆம்பியர் ஆர்எம்எஸ். அலையின் உச்சியில் 68 ஆம்பியர். பேட்டரி முழுதாக ஏறி 13 வோல்ட்டில் இருந்தாலும் இது குறையாது. கட்டுப்பாட்டுச் சிப் துடிப்பின் அகலத்தைக் குறைக்குமே தவிர, சுருளில் ஓடுவது அதே 48தான். இனி எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் அடிப்படை.

எத்தனை வோல்ட் மாஸ்ஃபெட்?

12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட் வரை போகும். அப்படியானால் 20 வோல்ட் மாஸ்ஃபெட் போதாதா? போதாது. காரணம் கம்பி. ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ ஒரு நானோ ஹென்றி தூண்டல் உண்டு என்பது தோராய விதி. மின்தேக்கியிலிருந்து பிரிட்ஜுக்கு 10 சென்டிமீட்டர் கம்பி இழுத்திருந்தால் 100 நானோ ஹென்றி. 68 ஆம்பியரை 100 நானோ செகண்டில் வெட்டும்போது அந்தக் கம்பித் துண்டில் 68 வோல்ட் கிளம்பும். பேட்டரி வோல்ட்டோடு அது சேர்ந்து மாஸ்ஃபெட்டின் தலையில் இறங்கும்.

எனவே 12 வோல்ட்டுக்கு 55 அல்லது 60 வோல்ட் மாஸ்ஃபெட், 24 வோல்ட்டுக்கு 75 முதல் 100 வரை, 48 வோல்ட்டுக்கு 100 முதல் 150 வரை. 40 வோல்ட் ஐஆர்எஃப் 1404 வெறும் 4 மில்லி ஓம்தான் என்பதால் மனம் அதன் பக்கம் போகும். பலகை வடிவமைப்பில் கை பழகிய பிறகு அதற்கு வாருங்கள். எதைப் போட்டாலும் பிரிட்ஜின் காலடியிலேயே இஎஸ்ஆர் (உள்தடை) குறைந்த இரண்டு மூன்று மின்தேக்கிகளையும், 1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் மின்தேக்கி ஒன்றையும் ஒட்டி வையுங்கள். வோல்ட் மதிப்பை உயர்த்திக்கொண்டே போவதைவிடக் கம்பியைக் குறைப்பது மலிவு.

மில்லி ஓம் கணக்கு

ஐஆர்எஃப் 3205இன் தடை அதிகபட்சம் 8 மில்லி ஓம். இதுவும் 25 டிகிரிக்கான எண். உள்ளே சூடு 120 டிகிரிக்கு ஏறும்போது தடை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிவிடும். டேட்டாஷீட்டின் உள்பக்கத்தில் இதற்கென ஒரு வரைபடம் உண்டு, யாரும் பார்ப்பதில்லை. நாம் 14 மில்லி ஓம் என்றே வைத்துக்கொள்வோம்.

எச் பிரிட்ஜில் எந்தக் கணத்திலும் மின்னோட்டம் இரண்டு மூலைகளைக் கடக்கிறது. ஒவ்வொரு மூலைக்கும் ஒரு மாஸ்ஃபெட் வைத்தால் பாதையின் தடை 28 மில்லி ஓம். 48இன் வர்க்கம் 2304. பெருக்கினால் 64 வாட். 300 வாட் கொடுக்கும் பெட்டிக்குள் 64 வாட் வெறும் சூடாகப் போகிறது. மூலைக்கு இரண்டு என எட்டு மாஸ்ஃபெட் வைத்தால் 32 வாட், ஒவ்வொன்றுக்கும் 4 வாட். இது சமாளிக்கக்கூடியது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் இன்வெர்ட்டரில் எதைப் போடக்கூடாது என்று எவ்வளவு சொன்னாலும், ஒரு நாள் காலையில் சட்னி அரைக்க யாராவது அதே பிளக்கில் மிக்ஸியைச் செருகத்தான் போகிறார்கள். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். ஓவர்லோடு பாதுகாப்பு விழித்துக்கொள்ளும் வரை மாஸ்ஃபெட்டுக்கு 16 வாட் தாங்க வேண்டும். எட்டு இருந்தால் தாங்கும். நான்கே இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 64 வாட், சட்னிதான்.

ஐஆர்எஃப் இசட் 44என் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அதன் தடை 17.5 மில்லி ஓம். இதே சூட்டுக்குள் அடங்க எட்டுக்குப் பதிலாகப் பதினேழு பதினெட்டு வேண்டும். மிச்சம் பிடித்த காசு ஹீட் சிங்கில் போய்விடும். உங்களால் முடிந்தால் இரண்டு பேட்டரி வைத்து 24 வோல்ட்டுக்குப் போய்விடுங்கள். மின்னோட்டம் பாதியாகும், அதே தடைக்குச் சூடு கால்வாசியாகும். இந்தத் தொழிலில் இவ்வளவு பெரிய லாபம் வேறெதிலும் இல்லை. அங்கே 100 வோல்ட், 4.5 மில்லி ஓம் உள்ள ஐஆர்எஃப்பி 4110 நன்றாகப் பொருந்தும்.

ஹீட் சிங்க் பற்றி ஒரு சிறு தந்திரம். இந்த மாஸ்ஃபெட்டின் டிஓ 220 உறையின் உலோக முதுகு, மின்னோட்டம் நுழையும் காலான டிரெய்னோடு இணைந்தது. மேல்பக்க மாஸ்ஃபெட் நான்கின் டிரெய்னும் பேட்டரியின் நேர்முனைக்கே போகின்றன. ஆகவே அந்த நான்கையும் ஒரே ஹீட் சிங்கில் மைக்கா இல்லாமல், வெப்பப் பசை மட்டும் தடவி முடுக்கிவிடலாம். கீழ்பக்கத்தில் இடது ஜோடிக்கு ஒன்று, வலது ஜோடிக்கு ஒன்று. மைக்காவைத் தவிர்ப்பதால் சூடு விரைவாக இறங்கும். ஆனால் அந்த ஹீட் சிங்குகளில் மின்சாரம் இருக்கிறது. பெட்டியின் தகட்டை அவை தொடக்கூடாது, ஒன்றையொன்றும் தொடக்கூடாது.

கேட்: தாகமுள்ள வாய்

மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் காலான கேட்டுக்கு மின்னோட்டமே தேவையில்லை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். நிலையாக நிற்கும்போது அது உண்மை. திறக்கும்போதும் மூடும்போதும் கேட் ஒரு குடம். நிரப்பினால்தான் திறக்கும், கொட்டினால்தான் மூடும். ஐஆர்எஃப் 3205இன் குடம் அதிகபட்சம் 146 நானோ கூலோம். மூலைக்கு இரண்டு என்பதால் 292.

இங்கே இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். திறக்கத் தொடங்கும் வோல்ட் 2 முதல் 4 வரை என்று தாளில் இருக்கும். அது 250 மைக்ரோ ஆம்பியர் கசியத் தொடங்கும் புள்ளி மட்டுமே. 8 மில்லி ஓம் வேண்டுமானால் கேட்டில் 10 வோல்ட் வேண்டும். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் மாஸ்ஃபெட் பாதி திறந்த கதவாக நின்று வெந்துபோகும். மறுபக்கம் 20 வோல்ட்டைத் தாண்டினால் கேட்டின் மெல்லிய ஆக்சைடு அடுக்கு ஓட்டையாகிவிடும். 10க்கும் 15க்கும் இடையில் நில்லுங்கள். கேட்டுக்கும், மின்னோட்டம் வெளியேறும் காலான சோர்ஸுக்கும் குறுக்கே, வோல்ட் எல்லை மீறாமல் தடுக்கும் 15 அல்லது 18 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்று காவலுக்கு இருக்கட்டும்.

எந்த டிரைவர்?

கேட் என்ற குடத்தை நிரப்பிக் கொட்டும் சிப்தான் டிரைவர். ஐஆர் 2104 எளியது, எட்டுக் கால்தான், டெட் டைமை, அதாவது ஒன்று மூடி மற்றது திறக்கும் முன் மேலும் கீழும் மூடியிருக்கும் இடைவெளியை, அதுவே பார்த்துக்கொள்ளும். அதனால் புதியவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். அது கேட்டுக்குள் தள்ளுவதற்கு உறுதியளிக்கும் மின்னோட்டம் 0.13 ஆம்பியர், வெளியே இழுப்பது 0.27 ஆம்பியர். நம் 292 நானோ கூலோமை நிரப்ப 2.2 மைக்ரோ செகண்டு, கொட்ட ஒரு மைக்ரோ செகண்டுக்கு மேல். அதன் டெட் டைமோ 0.52 மைக்ரோ செகண்டு. ஒன்று முழுதாக அணையும் முன்பே எதிர்ப்பக்கம் விழிக்கத் தொடங்கும். பேட்டரி நேராகக் குறுக்குச் சுற்றாகும் வேலை இது. ஒரே ஒரு சிறு மாஸ்ஃபெட்டுக்கு ஐஆர் 2104 அருமையான சிப். நம் வேலைக்கு அது ஆகாது.

ஐஆர் 2110 2 ஆம்பியர் தரும். அதே 292 நானோ கூலோமுக்கு 150 நானோ செகண்டு போதும். இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஆனால் இதற்குள் டெட் டைம் இல்லை. மேலும் கீழும் ஒரே நேரத்தில் திற என்று கட்டளையிட்டால் மறுபேச்சின்றித் திறந்துவிடும். டெட் டைமைக் கட்டுப்பாட்டுச் சிப் தர வேண்டும். இஜி 8010இல் 300 நானோ, 500 நானோ, 1 மைக்ரோ, 1.5 மைக்ரோ செகண்டு என நான்கு நிலைகள் உண்டு. 1 மைக்ரோவில் தொடங்குங்கள். எல்லாம் சரியாக ஓடிய பிறகு, அலைகாட்டியில் பார்த்துவிட்டு 500க்கு இறங்கலாம். 300 நானோவை இந்த மாஸ்ஃபெட்டோடு தொடவேண்டாம்.

ஆர்டுயினோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. ஐஆர் 2110இல் விடிடி என்ற கால், உள்ளே வரும் சமிக்ஞையின் அளவுகோல். அதைச் சோம்பலில் 12 வோல்ட்டோடு சேர்த்துவிட்டால் ஆர்டுயினோவின் 5 வோல்ட்டைச் சிப் கண்டுகொள்ளாது. விடிடியை 5 வோல்ட்டோடு இணையுங்கள்.

டிஎல்பி 250 போன்ற ஒளிவழி டிரைவர்களும் நல்லவையே, 1.5 ஆம்பியர் தரும். ஆனால் மேல்பக்கம் ஒவ்வொன்றுக்கும் தனித்த மின்வழங்கி வேண்டும்; கேட்டுக்குப் போகும் வோல்ட் குறைந்தால் எச்சரித்து நிறுத்தும் ஏற்பாடும் அதில் இல்லை.

ஒவ்வொரு மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் தனித்தனி 10 ஓம் மின்தடை வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று வைத்தால் ஜோடி ஒன்றோடொன்று அலைவுற்று நடுங்கும். மின்தடைக்கு இணையாக, கேட்டிலிருந்து டிரைவரை நோக்கி 1என் 4148 டையோடு ஒன்று வைத்தால் மூடுவது திறப்பதைவிட வேகமாக நடக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

பூட்ஸ்ட்ராப் மின்தேக்கி எவ்வளவு?

மேல்பக்க மாஸ்ஃபெட்டைத் திறக்கப் பேட்டரியைவிட 10 வோல்ட் உயரமான மின்னழுத்தம் வேண்டும். கீழ்பக்கம் திறந்திருக்கும்போது ஒரு மின்தேக்கியை நிரப்பிவைத்து, மேல்பக்கத்தின் முறை வரும்போது அதிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான் பூட்ஸ்ட்ராப்.

இணையத்தில் பல சுற்றுப்படங்கள் 0.1 அல்லது 1 மைக்ரோ ஃபாரட் காட்டும். 20 கிலோ ஹெர்ட்ஸில் ஓடும் பக்கத்துக்கு அது ஒருவாறு போதும். ஆனால் இஜி 8010 பிரிட்ஜின் ஒரு பக்கத்தை மட்டுமே வேகமாகத் துடிக்க வைக்கிறது. மறுபக்கம் 50 ஹெர்ட்ஸில் மெதுவாக மாறும். அந்த மெதுவான பக்கத்தின் மேல் மாஸ்ஃபெட் 10 மில்லி செகண்டு முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் மின்தேக்கி தாங்க வேண்டும்.

கேட்டுக்கு 0.3 மைக்ரோ கூலோம். ஐஆர் 2110 தானே குடிப்பது அதிகபட்சம் 230 மைக்ரோ ஆம்பியர், 10 மில்லி செகண்டுக்கு 2.3 மைக்ரோ கூலோம். இதுவரை பரவாயில்லை. இப்போது கேட்டுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே பாதுகாப்புக்காக வழக்கமாக வைக்கும் 10 கிலோ ஓம் மின்தடைகளைப் பாருங்கள். 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 1.2 மில்லி ஆம்பியர் இழுக்கும். இரண்டும் சேர்ந்து 10 மில்லி செகண்டில் 24 மைக்ரோ கூலோம்! சிப்பும் கேட்டும் குடிப்பதைப்போல் ஒன்பது மடங்கு, அந்த அப்பாவி மின்தடைகள் வழியே ஒழுகுகிறது. 10 மைக்ரோ ஃபாரட் வைத்திருந்தால் 2.4 வோல்ட் இறங்கிவிடும். மின்தடையை 47 கிலோ ஓமாக உயர்த்துங்கள். மின்தேக்கியை 22 மைக்ரோ ஃபாரட் ஆக்கி, பக்கத்திலேயே 0.1 மைக்ரோ செராமிக் ஒன்றையும் சேருங்கள். இறக்கம் அரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

இந்த இறக்கம் ஏன் முக்கியம்? 12 வோல்ட் அமைப்பில் டிரைவருக்கும் அதே பேட்டரிதான் சோறு போடுகிறது. பேட்டரி 10.5க்கு இறங்கி, கம்பியில் அரை வோல்ட் போய், பூட்ஸ்ட்ராப் டையோடில் முக்கால் வோல்ட் போனால் மீதி 9.25. அதிலும் மின்தேக்கி ஒழுகினால் ஐஆர் 2110 தன் மேல்பக்கத்தை அணைத்துவிடும் 8.2 வோல்ட் எல்லையைத் தொட்டுவிடுகிறோம். பேட்டரி பாதி இருக்கும்போது நன்றாக ஓடிய இன்வெர்ட்டர், இரவு இரண்டு மணிக்கு விட்டுவிட்டு உறுமுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒரு சிறிய பூஸ்ட் கன்வெர்ட்டர் பலகையால் டிரைவருக்கு மட்டும் நிலையான 15 வோல்ட் கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலியே இராது. குறுக்கே வைக்கும் ஜீனர் அப்போது 18 வோல்ட்டாக இருக்கட்டும்.

டையோடு எது? 1என் 4007 அல்ல. அது அணைய மைக்ரோ செகண்டுகள் எடுத்துக்கொள்ளும். யுஎஃப் 4007 அல்லது, நம் குறைந்த வோல்ட்டுக்கு, 1என் 5819 ஷாட்கி.

வாங்கியதும் செய்யவேண்டிய சோதனை

புகழ்பெற்ற எண்களுக்கெல்லாம் போலிகள் உண்டு. ஒருமுறை நான் வாங்கி வந்த பத்தில் எழுத்து அச்சு ஒன்றுபோலவே இருந்தது. உள்ளே இருந்தது வேறு எதுவோ. அன்றிலிருந்து ஒரு பழக்கம். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் 12 வோல்ட் கொடுத்து, டிரெய்ன் வழியே 5 ஆம்பியர் ஓடவிட்டு, மல்டிமீட்டரின் மில்லிவோல்ட் நிலையில் மாஸ்ஃபெட்டின் காலடியிலேயே அளப்பேன். 8 மில்லி ஓம் என்றால் 40 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 90, 100 என்று காட்டினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். எட்டும் நெருக்கமான அளவில் இருந்தால் இணையாக வைக்கும்போது சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். சூடேறினால் தடை கூடும் இயல்பும் இந்தப் பங்கீட்டுக்கு உதவும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது

பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே 50 ஆம்பியர் ஃபியூஸ். டிரான்ஸ்ஃபார்மரை இணைக்காதீர்கள். டிரைவருக்குப் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுங்கள். பிரிட்ஜுக்கு மட்டும் கார் முகப்பு விளக்கின் 12 வோல்ட், 55 வாட் பல்பு ஒன்றின் வழியாகக் கொடுங்கள். சுமையே இல்லாத பிரிட்ஜ் மின்னோட்டம் எடுக்கக் காரணமில்லை. பல்பு எரிந்தால் மேலும் கீழும் ஒன்றாகத் திறக்கின்றன என்று பொருள். டெட் டைமையும், கேட் இணைப்புகளையும் பாருங்கள். பல்பு இல்லாமல் இதே சோதனையைச் செய்திருந்தால் அறிகுறி வெளிச்சமாக இராது, புகையாக இருந்திருக்கும்.

பல்பு இருட்டாகவே இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரை இணைத்து, பல்போடேயே வெளியீட்டில் ஒரு சிறு எல்இடி விளக்கைப் போட்டுப் பாருங்கள். பிறகுதான் பல்பை எடுக்க வேண்டும். இதற்கு மேல் வெளியீட்டில் இருப்பது வீட்டு மின்சாரத்தைப் போலவே ஆளைக் கொல்லக்கூடிய 230 வோல்ட். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். வீட்டு வயரிங்கோடு இணைப்பதாக இருந்தால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது.

குண்டு பல்புகளால் 100 வாட், 200 வாட் என்று சுமையை ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் அரைமணி நேரம் ஓட்டுங்கள். அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, எட்டு மாஸ்ஃபெட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இஜி 8010இல் வேகமாகத் துடிக்கும் பக்கம் மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுடும்; அது இயல்பு. ஒரே ஜோடியில் ஒன்று சுட்டு மற்றது ஆறிக் கிடந்தால், ஆறிக் கிடப்பதன் கேட் மின்தடையில் சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை.